பெயிண்ட் அடிக்காத ஒரு டிஸ்க்காவது காட்டுங்கள்

நேற்று மூன்றாவது முறையாக ஏமாந்தேன். எழுதித் தீர்த்தால்தான் மனசு ஆறும்.

என்னிடம் இருப்பது அப்பா வாங்கிய ஜீப். அமெரிக்க வில்லிஸ் கம்பெனியின் சிஜே3பி மாடல், மஹிந்திரா பூட்டி விற்றது. குலசேகரம் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுபாலும் சுமந்து ஓடிய வண்டி. எஸ்டேட் கைமாறியபோது அப்பா அதை விலைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். நான்கு சக்கரத்திலும் அன்றைக்கு இருந்த டிஸ்க்தான், அதாவது டயரை மாட்டுகிற இரும்பு வீல்தான், இன்றைக்கும் இருக்கிறது. போனது ஸ்டெப்னி டிஸ்க் மட்டும். குளச்சலுக்குக் குடிவந்த பிறகு வருஷக்கணக்கில் உப்புக்காற்றில் பின்னால் தொங்கிக் கிடந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. டயரைக் கழற்றினால் உள்பக்கம் விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது.

ஒரே ஒரு டிஸ்க். 16 இஞ்ச், இரும்பு. அதற்காக இரண்டு வருஷமாக அலைகிறேன்.

கீரிப்பாறை, மாறாமலை, பேச்சிப்பாறை, கோதையாறு என்று ஜீப்பை நம்பியே மலை ஏறிய கன்னியாகுமரி மாவட்டம் இது. அந்த வண்டிகளின் சக்கரமெல்லாம் எங்கே போயிற்று? பழைய இரும்பு விற்கிற ஆக்கர் கடையில் கேட்டால் அத்தனை பேரும் ஒரே பாட்டைப் படிக்கிறார்கள். "அண்ணாச்சி, ஒரிஜினல் வில்லிஸ் டிஸ்க்காக்கும். கேரளாவுல மலைப்பக்கத்துல இருந்து வந்த சரக்கு." கண்ணைப் பார்த்துச் சொல்கிறார்கள். டிஸ்க் புதுக் கறுப்புப் பெயிண்டில் பளபளவென்று நிற்கிறது. அந்தப் பெயிண்டைப் பார்த்தாலே இப்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

முதல் தடவை தலையில் கட்டியது ஜிப்ஸி டிஸ்க். ஐந்து ஓட்டையும் என் வண்டியின் ஹப்பில், அதாவது சக்கரத்தை நட்டுப் போட்டு மாட்டுகிற நடுப்பாகத்தில், அச்சாக உட்கார்ந்தது. கடைக்காரர், "பாத்தேளா, மாட்டிச்சு பாத்தேளா" என்றார். மாட்டத்தான் செய்யும். 1941இல் வந்த வில்லிஸ் எம்பி என்ற போர்க்கால ஜீப்பிலிருந்து என் வண்டி வரைக்கும் ஐந்து ஓட்டையும் ஐந்தரை இஞ்ச் விட்டமுள்ள வட்டத்தில்தான் வரும். 1985இல் வந்த மாருதி ஜிப்ஸிக்கும் அதே ஐந்து ஓட்டை, அதே ஐந்தரை இஞ்ச். ஆனால் ஜிப்ஸி டிஸ்க் 15 இஞ்ச். என்னுடைய 6.00-16 டயரைக் கொண்டுபோய் அதில் போடச் சொன்னபோது பஞ்சர் கடைப் பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். திருப்பிக் கொடுக்கப் போனால், "மாட்டிப் பாத்துட்டுத்தானே எடுத்தீங்க" என்று பதில். அதாவது ஓட்டை ஒத்துப்போனால் ஒரிஜினல். இந்தக் கணக்கை யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?

அதன் பிறகு டேப் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. ஐந்து ஓட்டை டிஸ்க்கில் ஒரு ஓட்டைக்கு நேர் எதிரே இன்னொரு ஓட்டை இருக்காது. அதனால் குறுக்கே அளக்க முடியாது. அடுத்தடுத்த இரண்டு ஓட்டையின் நடுவுக்கு நடு அளக்க வேண்டும். 82 மில்லிமீட்டர் வந்தால் ஜீப் அளவு. 97 வந்தால் அது லேண்ட்ரோவர் டிஸ்க், நம் ஹப்பில் ஏறவே ஏறாது. அப்புறம் ரிம்மின், அதாவது டயர் உட்காருகிற வெளிவளையத்தின், உள் அகலம். இரண்டு விளிம்புக்கும் நடுவில் நாலரை இஞ்ச், அதாவது 114 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். டயர் உட்காருகிற இடத்தில் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கே மேடு மாதிரி சுற்றிலும் ஒரு வரம்பு தட்டுப்பட்டால் அது டியூப்லெஸ் காலத்து ரிம். டியூப் போட்டு ஓடிய அந்தக் காலத்து ரிம்மில் அந்த மேடு கிடையாது. இவ்வளவையும் நானே தேடித்தேடிக் கற்றுக்கொண்டேன். விற்கிறவருக்கு இதில் ஒன்றாவது தெரிய வேண்டாமா? தெரியாவிட்டால் தெரியாது என்று சொன்னால் என்ன குறைந்துபோகும்?

எல்லாம் தெரிந்தவர்கள் மாதிரி பேசுகிறவர்கள் இன்னொரு பக்கம். நாகர்கோவிலில் பழைய வண்டிக்காரர்கள் நாலைந்து பேர் கூடிய இடத்துக்கு ஜீப்பை எடுத்துப் போயிருந்தேன். ஒருவர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "எட்டு நட்டு இல்லையே, அப்போ டிஸ்க் எல்லாம் டூப்ளிகேட்டாக்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அவர் சொல்வது பட்டாளத்து டிஸ்க். ரிம் இரண்டு பாதியாக இருக்கும், அந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது எட்டு நட்டு. இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லிஸ், ஃபோர்டு ஜீப்புகளில் வந்தது. அந்தப் போர் ஜீப்பிலேயே ஆரம்பத்தில் வந்த வண்டிகளுக்குச் சாதாரண ஒற்றை டிஸ்க்தான். என் வண்டியோ போருக்குப் பிறகு, தோட்டத்துக்கும் ரோட்டுக்கும் என்று வந்த மாடல். அதில் எட்டு நட்டு இருந்தால்தான் அது பிற்பாடு மாட்டியது. எந்த வண்டிக்கு, எந்த வருஷத்துக்கு ஒரிஜினல் என்று சொல்லாமல் ஒரிஜினல் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்?

அந்த எட்டு நட்டைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. நண்பர் ஒருவரிடம் அந்த டிஸ்க் போட்ட போர்க்கால ஜீப் இருக்கிறது. பஞ்சர் ஒட்டப் போன இடத்தில், டயரில் காற்று இருக்கும்போதே எட்டு நட்டில் ஒன்றில் ஸ்பேனரை வைத்துவிட்டார் அங்கிருந்தவர். நண்பர் ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்கிறார். காற்றோடு அதைக் கழற்றினால் இரண்டு பாதியும் வெடித்துப் பிரியும். ஆள் செத்துப்போவார். வண்டியிலிருந்து சக்கரத்தைக் கழற்ற நடுவில் இருக்கும் ஐந்து நட்டு போதும். ரிம்மைப் பிரிக்க வேண்டுமென்றால், வால்வை எடுத்துக் காற்றை முழுக்க இறக்கிய பிறகுதான் அந்த எட்டில் கை வைக்க வேண்டும். இந்த டிஸ்க்கை விற்கிற ஒருத்தராவது வாங்குகிறவரிடம் இதைச் சொல்கிறாரா? பெயிண்ட் அடிக்க நேரம் இருக்கிறது, இதைச் சொல்ல வாய் வரவில்லை.

இதே மாதிரிதான் இடதுபக்க நட்டும். பழைய வில்லிஸ் வண்டிகளில் இடதுபக்கச் சக்கரத்துக்கு இடது மரை. கழற்ற வேண்டுமென்றால் வலப்பக்கமாகத் திருப்ப வேண்டும். என் வண்டியும் அப்படித்தான். சொல்லச் சொல்லக் கேட்காமல், ஸ்பேனரில் நீளமான பைப்பைச் சொருகி எதிர்ப்பக்கம் ஏறி மிதித்து நட்டு ஏறுகிற போல்ட்டில், அதாவது ஸ்டட்டில், இரண்டை ஒடித்தார் ஒரு மெக்கானிக். "துருப் பிடிச்சிருக்கு அண்ணே" என்றார். துரு இல்லை, அவசரம்.

சரி, நேற்றைய கதை.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு கடையில் போன மாசம் ஒரு டிஸ்க் பார்த்தேன். வழக்கம்போலப் புதுக் கறுப்பு. ஆனால் ஓட்டை 82. விட்டம் 16 இஞ்ச். ரிம்மில் பெயிண்டுக்கு அடியில் அகலத்தையும் விட்டத்தையும் சொல்கிற 4.50இ×16 என்று அடித்திருந்த எழுத்து தெளிவாகத் தெரிந்தது. 6,500 ரூபாய். பேரம் பேசக்கூட மனம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். நேற்று அதை முன்பக்கம் மாட்டிக்கொண்டு தக்கலையிலிருந்து குலசேகரத்துக்குப் போனேன். கொஞ்சம் வேகம் எடுத்ததும் ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை, அப்படி ஒரு ஆட்டம். நிறுத்திப் பழைய சக்கரத்தை மாட்டிக்கொண்டு, தெரிந்த லேத்துக்குக் கொண்டுபோய்ச் சுற்றிப் பார்த்தோம். ரிம் நேராகவே சுற்றவில்லை. பெயிண்டைச் சுரண்டினால் அடியில் பட்டி. பட்டியைச் சுரண்டினால் கையால் வைத்த வெல்டிங், கட்டி கட்டியாக. நடுத்தட்டு ஜீப்புடையது. வெளிவளையம் டிராக்டரின் முன்சக்கரத்திலிருந்து வெட்டி ஒட்டியது. டிராக்டர் முன்சக்கரத்துக்கும் 6.00-16 டயர்தான், ரிம்மும் அதே 4.50இ×16. எந்த எழுத்தை நம்பி வாங்கினேனோ அந்த எழுத்து பொய் சொல்லவில்லை. அது ஜீப் ரிம் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

வயல் வரப்பில் மெதுவாகப் போகிற டிராக்டர் வளையத்தை, மலையிறக்கத்தில் பிரேக் பிடிக்கிற வண்டிக்கு வெல்டு வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அது விட்டுப்போயிருந்தால்? பின்சீட்டில் என் மகள் உட்கார்ந்திருந்தாள்.

இதனால்தான் பெயிண்டைப் பற்றி இத்தனை ஆத்திரம். டிஸ்க்கின் பின்பக்கம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். நடுத்தட்டும் வளையமும் சேருகிற இடம் கம்பெனியில் சேர்த்ததா, தெருவில் சேர்த்ததா என்று சொல்லும். எத்தனையோ பழைய டிஸ்க்கில் தயாரித்தவரின் முத்திரையும் மாதமும் வருஷமும் அடித்திருப்பார்கள். ஹப்போடு உரசி உரசி வட்டமாக ஒரு தடம் விழுந்திருக்கும். நட்டு உட்காருகிற குழிவு தேய்ந்து கோணலாகியிருந்தால் தெரியும். என் வண்டி டிஸ்க்கில் நட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடத்தைச் சுரண்டினேன். மேலே அப்பா அடித்த வெள்ளை, அதற்கடியில் எஸ்டேட் பச்சை, அதற்கும் அடியில் சாம்பல். அந்த மூன்று அடுக்கு போதும், எந்தக் கடைக்காரர் வாக்கும் வேண்டாம். இதையெல்லாம் பட்டியும் கறுப்பும் போட்டு மூடிவிட்டு, விலையை ஏற்றி, புதுசு மாதிரி இருக்கிறது பாருங்கள் என்கிறார்கள். யார் புதுசு கேட்டது?

அகலமான அலாய் வீலுக்கு ஆசைப்பட்டு, நன்றாக இருந்த கம்பெனி டிஸ்க்கை எடைக்குப் போட்டவர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. அந்த நான்கை வீட்டுப் பரணில் போட்டு வைத்திருக்கலாம். ஒரு கிலோ இரும்புக்கு என்ன கிடைத்திருக்கும்?

ஒட்டுப்போட்ட அந்த டிஸ்க்கைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. கொடுத்தால் மறுபடி பெயிண்ட் அடித்து வேறு யாருக்காவது விற்பார்கள். கட்டரால் நான்கு துண்டாக வெட்டிப் போட்டுவிட்டேன். 6,500 போனால் போகட்டும்.

இன்னும் ஒரு டிஸ்க் வேண்டும். கீரிப்பாறை, குலசேகரம் பக்கம் யாருடைய ரப்பர் புகைப்புரையிலாவது, மாட்டுத்தொழுவத்திலாவது ஒன்று கிடந்தால் அப்படியே விடுங்கள். கழுவ வேண்டாம். துருவோடு, சாணியோடு, புறாக் கூட்டோடு இருக்கட்டும். பின்பக்கத்தைத் திருப்பி வைத்தால் போதும், நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.