அப்பாவிடம் யாரும் கேட்பதில்லை

போன ஞாயிறு அக்கா மகளுக்கு வளைகாப்பு. என் மனைவி வளையல் போட மனை அருகே போனபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா குனிந்து அந்தப் பெண்ணின் காதில் சொன்னார்: "கிரகணம் வந்தா வாசப்படி தாண்டிராத கண்ணு. உங்க அத்தை கதை தெரியும்ல?"

காதில்தான் சொன்னார். கூடத்தில் பாதிப் பேருக்குக் கேட்டது. என் மனைவி வளையலைப் போட்டு, கன்னத்தில் சந்தனம் தடவி, சிரித்த முகமாகவே எழுந்து வந்தாள். வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் மகனுக்கு ஆட்டிசம். இரண்டே முக்கால் வயதில் உறுதியானது. ஏன் இப்படி ஆனது என்று உறவும் ஊரும் கண்டுபிடித்த காரணங்களை என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். 2019 டிசம்பர் 26, சூரிய கிரகணம். எங்கள் திண்டுக்கல்லில் நெருப்பு வளையமாகவே தெரிந்தது. அன்று காலை மொட்டை மாடிக்குப் போனாள், அதனால். ஆறாம் மாதத்தில் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டாள், அதனால். 2020 மே மாதம், ஊரடங்குக்கு நடுவே பிறந்தவனை மனித முகமே காட்டாமல் வளர்த்தாள், அதனால். சோறு ஊட்டுவதற்குப் போனில் பாட்டுப் போட்டாள், அதனால். ஒரு வயதிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போனாள், அதனால். இத்தனை வாக்கியத்துக்கும் எழுவாய் ஒன்றுதான். அவள்.

நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். டாக்டர் சொல்லி அனுப்பிய அன்று இரவு நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "அந்தக் காய்ச்சலுக்கு எத்தனை மாத்திரை போட்ட?" என்பது. அவள் அழவில்லை. எழுந்து போய், கர்ப்ப காலத்து ஃபைலிலிருந்து அந்த மருந்துச் சீட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். பாரசிட்டமால், ஆறு மாத்திரை. அவ்வளவுதான். அந்தச் சீட்டை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். நான் டாக்டர் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. ஆனால் சில வருடமாக ராத்திரியில் உட்கார்ந்து படித்ததில் எனக்குப் புரிந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

முதலில், இந்தப் பழியை நம் ஊர்ப் பெரியம்மாக்கள் மட்டும் சொல்லவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் சொன்னார்கள். 1943ல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் என்று இன்று நாம் சொல்வதன் வரலாறு பெரும்பாலும் தொடங்குகிறது. இது பிறவியிலேயே வருவது என்று அந்தக் கட்டுரையின் முடிவில் அவரே எழுதியிருக்கிறார். ஆனால் பெற்றோர்கள் பாசம் காட்டாதவர்களாக இருக்கிறார்கள் என்றும் எழுதினார். பின்னால் வந்தவர்கள் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் அதை ஒரு கொள்கையாகவே ஆக்கினார். தாய் பிள்ளையை மனதுக்குள் வெறுத்ததால் பிள்ளை தனக்குள் சுருங்கிவிட்டது என்றார். இப்படிப்பட்ட தாய்களுக்கு 'ஐஸ்பெட்டி அம்மா' என்று ஒரு பெயரே இருந்தது. ஒரு தலைமுறைத் தாய்மார்கள் தங்கள் பிள்ளையைத் தாங்களே கெடுத்துவிட்டதாக நம்பி வாழ்ந்தார்கள்.

அதை உடைத்ததில் ஒரு அப்பாவுக்குப் பங்கு உண்டு என்பது எனக்கு ஆறுதல். பெர்னார்ட் ரிம்லண்ட், அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்த்த உளவியலாளர். அவர் மகனுக்கும் ஆட்டிசம். இது வளர்ப்பில் வந்தது இல்லை, மூளையில் இருப்பது என்று 1964ல் ஒரு புத்தகமே எழுதினார். 1969ல் கானரே பெற்றோர்கள் கூட்டம் ஒன்றில் எழுந்து நின்று, குற்றத்திலிருந்து உங்களை விடுவிக்கிறேன் என்ற பொருளில் பேசினார். 1977ல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடியில் இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருவாக உருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட இருவருக்கும் இல்லை. அம்மா ஒருத்திதான், வீடு ஒன்றுதான், வளர்ப்பும் ஒன்றுதான். வேறுபாடு மரபணுவில் இருந்தது.

இனி மூளைக்கு வருகிறேன். எனக்கு உறைத்தது இந்த இடத்தில்தான்.

நம் மூளையின் மேலடுக்கை கார்டெக்ஸ் என்கிறார்கள். அதிலுள்ள நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், அங்கேயே பிறப்பதில்லை. பெரும்பாலானவை மூளையின் உள்ளே, திரவம் நிரம்பிய குழியின் ஓரத்தில் பிறக்கின்றன. அங்கிருந்து நீளமான நார் போன்ற செல்களைப் பற்றிக்கொண்டு மேலே ஏறுகின்றன. கொடிக்காலில் அகத்தியைப் பற்றி வெற்றிலை ஏறுமே, அந்த மாதிரி. முதலில் வந்தவை அடியில் தங்கும். அடுத்து வருபவை அவற்றைத் தாண்டிப் போய் அதற்கு மேல் உட்காரும். இப்படியே ஆறு அடுக்கு. கர்ப்பத்தின் பாதியைத் தாண்டும்போது கார்டெக்ஸின் பெரும்பாலான நியூரான்கள் பிறந்தே முடிந்துவிடுகின்றன.

கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் எரிக் கூர்ஷேன் என்ற ஆய்வாளரின் குழு, இறந்துபோன குழந்தைகளின் மூளைகளை ஆராய்ந்தது. 2011ல் ஆட்டிசம் உள்ள ஏழு சிறுவர்களின் மூளையின் முன்பகுதியில் நியூரான்களை எண்ணினார்கள். மற்ற சிறுவர்களைவிட 67 சதவீதம் அதிகம். குழந்தை பிறந்த பிறகு இந்த நியூரான்கள் இவ்வளவு எண்ணிக்கையில் புதிதாக முளைப்பதில்லை. அப்படியென்றால் அந்தக் கணக்கு வயிற்றிலேயே வேறாகியிருக்க வேண்டும். 2014ல் இன்னொரு ஆய்வு. ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளில் 10 பேரின் கார்டெக்ஸில் சில மில்லிமீட்டர் அளவுக்கு அங்கங்கே அடுக்கு கலைந்த திட்டுகள் இருந்தன. ஆட்டிசம் இல்லாத 11 பேரில் ஒருவருக்கு மட்டும் அப்படி இருந்தது. அடுக்கு அமைவது கர்ப்பத்தில். எனவே கலைந்ததும் கர்ப்பத்தில்தான் என்று அவர்கள் சொன்னார்கள். இதற்கு ஒரு வருடம் முன்பே, ஆட்டிசத்தோடு உறுதியான தொடர்புள்ள ஒன்பது மரபணுக்களை எடுத்துக்கொண்டு, அவை மூளையில் எப்போது, எங்கே சேர்ந்து வேலை செய்கின்றன என்று வேறொரு குழு தேடியிருந்தது. அவர்களுக்குக் கிடைத்த விடையும் கர்ப்பத்தின் நடுமாதங்கள், கார்டெக்ஸின் அடியடுக்குகள்.

ஏழு மூளை, பதினொரு மூளை என்பதெல்லாம் சின்ன எண்ணிக்கை. அதை நான் மறைக்க விரும்பவில்லை. எல்லாக் குழந்தைக்கும் ஒரே கதையும் இல்லை. 2023ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் செல்களிலிருந்து சோதனைக்கூடத்தில் மினி மூளைகளை வளர்த்துப் பார்த்தார்கள். தலை பெரிதாக இருந்த சிறுவர்களிடம் ஒரு வகை நியூரான்கள் கூடியிருந்தன. தலை சாதாரண அளவில் இருந்தவர்களிடம் அதே வகை குறைந்திருந்தன. ஆட்டிசத்துக்கு இதுதான் காரணம் என்று யாராவது ஒற்றை விரலை நீட்டினால் நம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, கிரகணத்துக்கு வருகிறேன். பையன் பிறந்த தேதியை வைத்துப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். அந்த டிசம்பர் 26 சரியாக இருபதாவது வாரம். அவள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த காலையில், வயிற்றுக்குள் கோடிக்கணக்கான செல்கள் தங்கள் இடத்தைத் தேடி ஏறிக்கொண்டிருந்தன. அதற்கான வழி கரு உண்டான நாளிலேயே பெரும்பாலும் எழுதப்பட்டுவிட்டது. சூரியனுக்கு அங்கே வேலையே இல்லை.

எழுதியது யார்? 2019ல் டென்மார்க், ஸ்வீடன் உள்பட ஐந்து நாடுகளில் 20 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஆட்டிசம் ஒருவருக்கு வருவதிலும் இன்னொருவருக்கு வராததிலும் உள்ள வேறுபாட்டில் சுமார் 80 சதவீதம் மரபணு சார்ந்தது என்றது அது. மரபணு என்றால் பாதி அம்மா, பாதி அப்பா. சில குழந்தைகளிடம் பெற்றோர் இருவரிடமும் இல்லாத புது மாற்றங்களும் இருக்கின்றன. ஐஸ்லாந்தில் 2012ல் அதை எண்ணிப் பார்த்தார்கள். புது மாற்றங்களில் பெரும்பகுதி அப்பாவின் விந்தணு வழியாக வருகிறது. அப்பாவுக்கு ஒரு வயது கூடக்கூட அப்படிப்பட்ட மாற்றங்கள் ஏறக்குறைய இரண்டு கூடுகின்றன.

இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் தூங்கவில்லை. பையன் கருவானபோது எனக்கு வயது 39. எத்தனை டாக்டர், எத்தனை தெரபி சென்டர், எத்தனை கோயில், எத்தனை கல்யாண வீடு. ஒருவர், ஒரே ஒருவர்கூட என்னைப் பார்த்து, "தம்பி, உங்களுக்கு அப்ப என்ன வயசு?" என்று கேட்டதில்லை. பழியை இப்போது என் பக்கம் திருப்புங்கள் என்று சொல்லவில்லை. செல் பிரியும்போது நேரும் மாற்றத்துக்கு யாரும் பொறுப்பு இல்லை. நாற்பது வயதில் அப்பா ஆனவர்களில் மிகப் பெரும்பாலோரின் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் கிடையாது. ஆனால் என்னிடம் கேட்காத கேள்வியை அவளிடம் மட்டும் ஏன் கேட்கிறோம்?

'போன் பார்த்து வந்த ஆட்டிசம்' என்று யூடியூபில் பேசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சின்னக் குழந்தையிடம் நாள் முழுக்கப் போனைக் கொடுப்பது தப்புதான், பேச்சு தாமதமாகலாம். ஆனால் 2017ல் அமெரிக்காவில், ஆட்டிசம் உள்ள அண்ணனோ அக்காவோ இருக்கும் கைக்குழந்தைகளைத் தூங்கும்போது எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். பிற்பாடு ஆட்டிசம் உறுதியான குழந்தைகளுக்கு ஆறு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள்ளேயே மூளையின் மேற்பரப்பு வேகமாக விரிந்திருந்தது. "ஒரு வயசு வரைக்கும் நல்லாத்தான் இருந்தான், அப்புறம்தான்" என்று நாம் எல்லோரும் சொல்கிறோமே, அந்த நல்லாத்தான் இருந்த மாதங்களிலேயே உள்ளே வேலை நடந்துகொண்டிருந்திருக்கிறது. வெளியே தெரியும் நேரமும் தடுப்பூசி போடும் நேரமும் ஒன்றாக இருப்பதால் ஊசி மேல் பழி விழுகிறது. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசியைப் பற்றி டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளுக்கு மேல் பார்த்து 2019ல் வெளியிட்டார்கள். தொடர்பு இல்லை. 2017ல் நம் தமிழ்நாட்டில் தட்டம்மை ரூபெல்லா ஊசி போட வந்தபோது வாட்ஸ்அப் வதந்தியைப் பார்த்து எத்தனை பேர் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்தோம்? கர்ப்பத்தில் ரூபெல்லா வந்தால் கருவின் மூளை பாதிக்கும். அமெரிக்காவில் 1964ல் அந்த நோய் பரவிய பிறகு அப்படிப் பிறந்த 243 குழந்தைகளை ஆராய்ந்தபோது 18 பேரிடம் ஆட்டிசமோ அதன் கூறுகளோ இருந்தன. அதைத் தடுக்கிற ஊசியைத்தான் பயந்து மறுத்தோம்.

மாத்திரை விஷயமும் அப்படியே. 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் டிரம்ப், கர்ப்பிணிகள் பாரசிட்டமால் போடாமல் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று பேசினார். அன்று மாலையே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த வீடியோ வந்தது. என் மனைவி இருக்கும் குழு அது. ஸ்வீடனில் சுமார் 25 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை வைத்து 2024லேயே ஆய்வு வந்துவிட்டது. ஒரே தாய் ஒரு பிள்ளைக்கு மாத்திரை போட்டு இன்னொரு பிள்ளைக்குப் போடாமல் இருந்த குடும்பங்களை ஒப்பிட்டபோது வித்தியாசம் இல்லை. காய்ச்சலில் கிடப்பதும் கருவுக்கு நல்லதில்லை. அந்தக் குழுவில் இதை நான்தான் எழுதினேன். எப்போதோ எழுதியிருக்க வேண்டியவன்.

குணப்படுத்துகிறேன் என்று லட்சக்கணக்கில் பணம் கேட்டு ஸ்டெம் செல் ஊசி போடுகிறவர்களிடம் போய்விடாதீர்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2022லேயே சொல்லிவிட்டது. அந்தப் பணத்தை ஸ்பீச் தெரபிக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆராய்ச்சிகள் எல்லாம் நடந்து, ஒரு நாள் கருவிலேயே கண்டுபிடித்து இப்படிப்பட்ட பிள்ளை வேண்டாம் என்று ஒதுக்குவதற்கு அது பயன்பட்டால் என்ன செய்வது என்ற பயமும் எனக்கு உண்டு. என் மகன் முதலில் சொன்ன சொல் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. 'வைகை'. தண்டவாளத்துக்கு ரொம்பத் தள்ளி எங்கள் வீடு, ஆனாலும் சத்தத்தை வைத்தே வைகை எக்ஸ்பிரஸ் எது, கூட்ஸ் எது என்று அவனுக்குத் தெரியும். அவன் இல்லாத வீட்டை நான் கேட்கவில்லை. ஏன் என்ற கேள்விக்கு விடை தேடுங்கள், அந்த விடை அவனுக்குத் தூக்கம் வரவும், வயிற்று வலியைச் சொல்லத் தெரியவும் உதவட்டும் என்றுதான் கேட்கிறேன்.

வளைகாப்பு முடிந்து வந்த அன்று இரவு அவளுக்கு ஒன்று காட்டினேன். சென்னை ஐஐடியில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் இருக்கிறது. பதினான்காவது வாரத்திலிருந்து இருபத்து நான்காவது வாரம் வரையிலான கருவின் மூளையை மெல்லிய சீவல்களாக எடுத்து, செல் செல்லாகப் படம் பிடித்து, 2024 டிசம்பரில் உலகத்துக்கே இலவசமாக வெளியிட்டார்கள். தரணி என்று பெயர். ஐந்து மூளைகள், 5,132 சீவல்கள். இருபத்தொன்றாவது வாரத்து மூளையைத் திறந்து, உள்ளே பெரிதாக்கிக்கொண்டே போனேன். ஊதாப் புள்ளிகள், வரிசை வரிசையாக. "இதுதான் அந்தக் கிரகண வாரத்துக்குப் பக்கத்து வாரம்" என்றேன்.

"இவ்வளவுமா?" என்று கேட்டாள். அப்புறம், இத்தனை வருடத்தில் முதல் முறையாக, அவளாகவே சொன்னாள்: "வெளிச்சம் மங்கிட்டே வந்துச்சுங்க. மழை வருதுன்னு நெனச்சுத்தான் துணி எடுக்கப் போனேன்."

கொஞ்ச நேரம் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இந்த ஐந்து குழந்தைகளும் யார் என்று கேட்டாள். உயிரோடு பிறக்காதவை என்றேன். போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "அந்த அஞ்சு அம்மாவையும் யாராச்சும் கேட்டிருப்பாங்கல்ல, நீ என்ன பண்ணுனன்னு."