அடுப்பைப் பற்றவைக்காமல் ஓர் உருண்டை

என் மகளுக்கு எட்டு வயது. ஆரம்பம் முதல் கடைசி வரை, பெரியவர்கள் யாரும் கை வைக்காமல் அவளாகவே செய்கிற பலகாரம் ஒன்று இருக்கிறது. ஷோக்லாத்பொல். ஸ்வீடிஷ் மொழியில் சாக்லேட் பந்து என்று அர்த்தம். ஸ்வீடனில் நாங்கள் இருக்கும் கோத்தன்பர்க் நகரத்தில் இதை விற்காத காபிக் கடையைப் பார்ப்பது கஷ்டம். இங்கே வருடா வருடம் மே 11-ஐ இதற்கான நாள் என்றே கொண்டாடுகிறார்கள். ஆனால் கடையில் வாங்கித் தின்பதைப் பற்றி நான் சொல்ல வரவில்லை. வீட்டில் செய்வதைப் பற்றி, அதுவும் குழந்தைகள் செய்வதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

பொருட்கள் ரொம்பக் கொஞ்சம். 100 கிராம் வெண்ணெய், 3 டெசிலிட்டர் ஓட்ஸ், 1 டெசிலிட்டர் சர்க்கரை, 3 மேசைக்கரண்டி கோகோ, 1 தேக்கரண்டி வனிலா சர்க்கரை (வனிலா மணம் சேர்த்த சர்க்கரைப் பொடி), இரண்டு மூன்று மேசைக்கரண்டி ஆறிய கெட்டிக் காபி. ஒரு டெசிலிட்டர் என்பது 100 மில்லி. இங்கே எல்லா வீட்டிலும் அந்த அளவுக் கரண்டி இருக்கும், அதனால் தராசு தேவையில்லை. வெண்ணெய் சுற்றி வரும் தாளிலும் 50 கிராமுக்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை அந்தக் கோட்டைப் பார்த்துத் தானே வெட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் கையால் பிசைந்து, கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, உருட்டி, தேங்காய்த் துருவலிலோ, சின்ன வெள்ளை மணிகளாக இருக்கும் முத்துச் சர்க்கரையிலோ புரட்டினால் முடிந்தது. சுமார் இருபது உருண்டை வரும்.

முதல் தடவை இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. பச்சை ஓட்ஸை எப்படித் தின்பது? அப்புறம்தான் தெரிந்தது, கடையில் விற்கும் தட்டை ஓட்ஸ் பச்சை இல்லை. ஆவியில் வேகவைத்த பிறகுதான் உருளையில் கொடுத்துத் தட்டையாக்குகிறார்கள். இதில் மைதாவும் இல்லை, முட்டையும் இல்லை. கேக் மாவை வழித்து நக்காதே என்று குழந்தையை விரட்டுவதற்குக் காரணமே அந்த இரண்டும்தான். இங்கே விரலை நக்கலாம், பாத்திரத்தையே நக்கலாம்.

நமக்கும் உருண்டை பிடிக்கத் தெரியும். ஆனால் மாலாடு பிடிக்கும்போது என்ன நடக்கிறது? நெய்யைக் காய்ச்சி ஊற்றி, சூடு ஆறுவதற்குள் பிடித்தாக வேண்டும், இல்லையென்றால் உதிர்ந்துவிடும். பொரிவிளங்காய்க்குப் பாகு கொதிக்கும். அதனால்தான் எங்கள் வீட்டில் "தள்ளிப் போ, கை சுட்டுக்கும்" என்று கேட்டுக்கேட்டே வளர்ந்தேன். அம்மா மேல் தப்பில்லை, அந்தப் பலகாரம் அப்படி. ஷோக்லாத்பொல் அதற்கு நேர் எதிர். குளிர்ந்தால்தான் பிடிக்க வரும். சூடான கை பட்டால் வெண்ணெய் இளகிப் பிசுபிசுக்கும், அப்போது கையைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவிவிட்டு மறுபடி உருட்ட வேண்டும். சுட்டுக்கொள்ள எதுவுமே இல்லை. இங்கே பிள்ளைகள் முதலில் செய்யப் பழகும் இனிப்பாக இது இருப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சரி, இதில் எனக்குள்ள வருத்தத்தைச் சொல்கிறேன். நம் ஆட்கள் போடும் சமையல் வீடியோக்களில் இதைப் பார்க்கிறேன். ஓட்ஸை வறுத்துப் பொடிக்கிறார்கள். கண்டென்ஸ்டு மில்க் ஊற்றுகிறார்கள். பிஸ்கட்டை உடைத்துச் சேர்க்கிறார்கள். இல்லாவிட்டால் வெண்ணெயையும் சர்க்கரையையும் எடுத்துவிட்டுப் பேரீச்சம்பழத்தை அரைத்து "சத்து உருண்டை" என்கிறார்கள். அவை நன்றாகவே இருக்கலாம், ஆனால் அது வேறு பலகாரம். மிக்ஸியும் வாணலியும் வந்த உடனேயே குழந்தையின் கையிலிருந்து வேலை போய்விடுகிறது. ஓட்ஸ் முழுதாக இருக்க வேண்டும், சர்க்கரை பல்லில் நறநறவென்று கடிபட வேண்டும், பின்னால் காபியின் கசப்பு வர வேண்டும். சர்க்கரை அதிகம் என்று தோன்றினால் வாரம் ஒரு நாள் மட்டும் செய்யுங்கள். ஸ்வீடனில் பிள்ளைகளுக்கு மிட்டாய் சனிக்கிழமைதான் என்று ஒரு பழக்கமே உண்டு.

நெய் போடலாமா என்று ஒரு தோழி கேட்டாள். வேண்டாம். வெண்ணெயில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது, ஓட்ஸ் ஊறி மெத்தென்று ஆக அதுவும் உதவுகிறது. நெய்யில் அது கிடையாது. உப்பு வெண்ணெயே போதும், இங்கேயும் பெரும்பாலும் அதைத்தான் போடுகிறார்கள். கோகோ மட்டும் இனிப்பில்லாததாக வாங்குங்கள், குடிக்கும் சாக்லேட் பொடியில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். தேங்காய் உலர்ந்த துருவலாக இருக்கட்டும், பச்சைத் தேங்காய் மறுநாளே கெட்டுப்போகும். சென்னை வெயிலில் செய்கிறவர்கள் பிசைந்ததை அரை மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு உருட்டுங்கள்.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று ராடியோகாகா. மேரி பிஸ்கட்டையும், சாக்லேட்டில் கலந்த தேங்காய்க் கொழுப்பையும் மாற்றி மாற்றி அடுக்கிக் குளிரவைத்து வெட்டுவது. சத்தமில்லாமல் கடிக்கலாம், ரேடியோ கேட்டுக்கொண்டே தின்னலாம், அதனால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். இன்னொன்று இஸ்ஷோக்லாத், ஐஸ் சாக்லேட். 200 கிராம் சாக்லேட்டுக்கு 100 கிராம் தேங்காய்க் கொழுப்பு, உருக்கிச் சின்னச் சின்னத் தாள் கிண்ணத்தில் ஊற்றினால் போதும். கிறிஸ்துமஸ் சமயத்தில் செய்வார்கள். வாயில் போட்டதும் ஜில்லென்று இருக்கும். நம் ஊரில் மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து கிடக்குமே, அதே குணம்தான். சுமார் 24 டிகிரியில் உருகும் கொழுப்பு நாக்கின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு இளகுகிறது. ஆனால் இவை இரண்டுக்கும் அடுப்பில் உருக்க வேண்டியிருக்கிறது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் முதலிடம் உருண்டைக்குத்தான்.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். முன்பு இதைக் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லால் அழைத்தார்கள். இன்றைக்கும் சில வயதானவர்கள் "அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்வோம்" என்று வாதாடுவதைக் கேட்டிருக்கிறேன். என் மகளுக்கு அந்தச் சொல் தெரியாது. அவள் வகுப்பில் எல்லா நிறத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், எல்லாருக்கும் இது ஷோக்லாத்பொல்தான். அதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

இங்கே பள்ளியில் சமையலும் வீட்டுப் பராமரிப்பும் ஆண், பெண் இருபாலருக்கும் கட்டாயப் பாடம். அதற்குச் சில வருடம் முன்பே வீட்டில் கை பழகிவிட்டால் நல்லதுதானே. முதல் மூன்று தடவையும் நான்தான் குறுக்கே போனேன். உருண்டை கோணலாக இருக்கிறது, கோகோ தரையில் சிந்துகிறது என்று கரண்டியைப் பிடுங்கினேன். நாலாவது தடவை "அம்மா, நீ வெளியே போ" என்றாள். போனேன். ஒன்று நெல்லிக்காய் அளவு, ஒன்று எலுமிச்சை அளவு, பதினேழு உருண்டை வந்தது. ஃபிரிட்ஜில் இருந்து மறுநாள் எடுத்தபோது ஓட்ஸ் ஊறி இன்னும் ருசியாக இருந்தது.

போன மாதம் கும்பகோணத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு வீடியோ காலில் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். "அடுப்பே பத்தவைக்காம பலகாரமாடி?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள். காபிக்கு என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது மட்டும் யாரும் யோசிக்கவே இல்லை. காலையில் இறக்கிய முதல் டிகாஷன், ஆறிப்போய் ஃபில்டரிலேயே இருந்தது. மூன்று கரண்டி ஊற்றிப் பிசைந்து ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, "காபி இன்னும் ஒரு கரண்டி தாங்கும்" என்றாள் அம்மா. இப்போது என் மகள் இங்கே நாலு கரண்டிதான் ஊற்றுகிறாள்.