மசாலா இல்லாத இரண்டு சமையல்கள்

2025 ஆகஸ்டில் இத்தாலிய உணவகக்காரர்களின் சங்கம் ஒன்று ரோமில் இருக்கும் பிரிட்டிஷ் தூதருக்கே கடிதம் எழுதிவிட்டது. பிரச்சினை ஒரு பாஸ்தா. 'குட் ஃபுட்' என்ற பிரிட்டிஷ் சமையல் தளம் 'காச்சோ எ பெப்பே' செய்முறையில் வெண்ணெயையும் பார்மெசான் சீஸையும் சேர்த்துவிட்டு, அவசர மதியச் சாப்பாட்டுக்கு ஏற்றது என்று வேறு எழுதியிருந்தது. ரோம்காரர்கள் கணக்கில் அதற்கு மூன்றே பொருள்தான்: பாஸ்தா, செம்மறியாட்டுப் பாலில் செய்யும் பெக்கொரினோ சீஸ், மிளகு. நாலாவதாக எது விழுந்தாலும் அது வேறு பண்டம்.

செய்தி வந்ததுதான் தாமதம், நம் ஆட்கள் குஷியாகிவிட்டார்கள். "மசாலாவுக்காக உலகத்தையே பிடிச்சான், ஆனா சாப்பாட்டுல ஒரு சிட்டிகை போடத் தெரியல" என்கிற அந்தப் பழைய மீம் மறுபடி சுற்றுக்கு வந்தது. நான் பல வருஷமாக இங்கிலாந்தில், லெஸ்டர் பக்கம் குடியிருப்பவன். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிறான் என்று சொன்னாலும் சரி, இந்த மீம் எனக்கு எரிச்சல். பிரிட்டிஷ்காரனைக் கிண்டல் பண்ணுவதில் எனக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை. அதே வாயால் "இத்தாலியன் ஃபுட்னா எனக்கு உயிர்" என்கிறார்களே, அதுதான் இடிக்கிறது.

மசாலாதான் அளவுகோல் என்றால் இத்தாலி முதல் சுற்றிலேயே தோற்றுப்போகும். வட இத்தாலியில் முட்டை போட்டுப் பிசைந்த பாஸ்தாவை வெண்ணெயும் சேஜ் இலையும் மட்டும் சேர்த்துப் பிரட்டித் தட்டில் வைத்துவிடுவார்கள். தொஸ்கானா பக்கத்து ரொட்டியில் உப்பே கிடையாது. உப்புச் சப்பில்லாத சாப்பாடு என்று நாம் யாரையோ திட்டுகிறோம், அவர்கள் அதை நிஜமாகவே செய்து பெருமையோடு விற்கிறார்கள்! பிரிட்டிஷ் வீட்டு அலமாரியைத் திறந்தால் மூக்கில் ஏறும் கடுகு விழுது, அதைவிட மோசமாக ஏறும் ஹார்ஸ்ராடிஷ், ஆட்டுக்கறிக்குப் புதினா சாஸ், இஞ்சி கேக், கஸ்டர்ட் டார்ட்டின் மேல் துருவுவதற்கு ஜாதிக்காய், கிறிஸ்துமஸ் புட்டிங்குக்குப் பட்டையும் கிராம்பும். 1837 முதல் விற்பனையில் இருக்கும் லீ அண்ட் பெரின்ஸ் வொர்ஸ்டர்ஷயர் சாஸ் பாட்டிலைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். நெத்திலி மாதிரியான சின்ன மீனோடு புளியும் இருக்கும். நாம் குழம்புக்குக் கரைக்கும் அதே புளி.

நம்மில் பலருக்குத் தெரிந்த இத்தாலி, சென்னையின் 'வைட் சாஸ் பாஸ்தா'. மைதா, பால், டப்பா சீஸ், மேலே பாக்கெட்டைப் பிய்த்துக் கொட்டும் ஒரிகானோவும் மிளகாய்த் தூளும். எனக்கும் பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கொண்டுபோய் ரோமில் நீட்டினால் தூதருக்கு இன்னொரு கடிதம் போகும்.

சரி, மசாலா காரணமில்லை என்றால் இத்தாலிக்கு ஏன் இவ்வளவு பேர்?

ஒரு நாட்டின் சமையலை அதன் கல்யாண விருந்தை வைத்து எடைபோடக் கூடாது என்பது என் கட்சி. சாதாரண ஆள், சாதாரணக் கடையில், செவ்வாய்க்கிழமை மதியம் என்ன சாப்பிடுகிறார்? அந்தக் கேள்வியில் இத்தாலி ஜெயிக்கிறது, அதுவும் பெரிய வித்தியாசத்தில். பொலோன்யாவில் கூலி வேலைக்காரர்கள் மதியம் உட்காரும் ஒரு கடையில் சாப்பிட்டிருக்கிறேன். மேஜையில் காகித விரிப்பு, பரிமாறுகிற அம்மாவுக்குச் சிரிக்க நேரமில்லை. தட்டில் வந்தது தாலியாத்தெல்லே என்ற நாடா மாதிரியான பாஸ்தா, மேலே கொஞ்சம் ராகு என்கிற இறைச்சிக் குழம்பு. கொஞ்சம்தான். சோற்றுக்கு நாம் ஊற்றுவதுபோல இறைச்சிச் சாற்றை அவர்கள் பாஸ்தாவின் மேல் ஊற்றுவதில்லை. பாஸ்தாவின் ஒவ்வொரு இழையிலும் ஒட்டுகிற அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சாப்பிடுவது பாஸ்தாவை, ராகு அதற்குத் துணை. இங்கிலாந்தில் அதே மதியம், அதே வருமானக்காரர், நெடுஞ்சாலையோரக் கடையில் பிளாஸ்டிக் முக்கோணத்துக்குள் குளிர்ந்துபோய் ஈரம் கோத்த சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருப்பார். இதற்கு வக்காலத்து வாங்க என்னால் முடியாது.

அந்தக் காச்சோ எ பெப்பேயையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பொருள்தானே என்று இறங்கினால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள். மிளகை உரலில் ஒன்றிரண்டாகத் தட்டி, எண்ணெயில்லாத வாணலியில் வாசம் கிளம்பும்வரை வறுக்க வேண்டும் (இதை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை; முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கப்பல்களின் பாக்கி இது). பாஸ்தாவை வழக்கத்தைவிடக் குறைந்த தண்ணீரில் வேகவைக்க வேண்டும். அப்போதுதான் அந்தத் தண்ணீர் கஞ்சி மாதிரி கெட்டியாகும். மாவாகத் துருவிய பெக்கொரினோவில் ஆறிய கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழைத்து, அடுப்பை அணைத்த பிறகே பாஸ்தாவோடு சேர்த்துப் பிரட்ட வேண்டும். சூடு சற்று ஏறினால் சீஸ் திரிந்து, ரப்பர் உருண்டையாகி, வாணலியில் ஒட்டிக்கொள்ளும். இந்தத் திரிதலை ஆராய்ந்த இயற்பியலாளர்கள், சீஸின் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து இருந்தால் கலவை திரியாது என்று கண்டுபிடித்தார்கள். 2025-ல் இயற்பியலுக்கான இக் நோபல் பரிசும் அவர்களுக்குத்தான். சிரிக்கவைக்கும் பரிசுதான், ஆனால் விஷயம் நிஜம். வெண்ணெய் போட்டால் இந்த வித்தை எதுவும் வேண்டாம், யாருக்கும் சுலபமாக வந்துவிடும். உணவகக்காரர்களின் கோபம் எனக்கு அங்கேதான் புரிந்தது.

பிரிட்டிஷ்காரர்கள் எங்கே கோட்டைவிட்டார்கள்? நாக்கில் குறை ஒன்றும் இல்லை, அவர்கள் சரித்திரம் அப்படி. 1851 மக்கள்தொகைக் கணக்கிலேயே இங்கிலாந்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நகரவாசிகள். உலகில் வேறெந்தப் பெரிய நாட்டுக்கும் முன்னால் மண்ணை விட்டு வந்தவர்கள். கொல்லையில் கீரையில்லை, கோழியில்லை, சமைக்க நேரமில்லை. மில்லில் பன்னிரண்டு மணிநேரம் நின்றுவிட்டு வந்தவர்களுக்கு, வெள்ளையாகத் தெரியட்டும் என்று படிகாரம் கலந்து சுட்ட ரொட்டி. அதற்கு மேல் போர். 1940 ஜனவரியில் ஆரம்பித்த ரேஷன், போர் முடிந்து ஒன்பது வருஷம் கழித்து 1954 ஜூலையில்தான் முழுசாக முடிந்தது. ஒரு ஆளுக்கு வாரத்துக்கு ஒரு முட்டை, வெண்ணெய் ஐம்பத்துச் சொச்சம் கிராம். பாலையெல்லாம் 'கவர்ன்மென்ட் செடார்' என்ற ஒரே வகை சீஸுக்குத் திருப்பிவிட்டதில், ஊருக்கு ஊர் இருந்த பண்ணை சீஸ்காரர்கள் பெரும்பாலும் காணாமல் போனார்கள். பதினாலு வருஷம் என்றால் ஒரு பெண் சமையலறையில் அம்மாவிடம் கற்றுக்கொள்ளும் வயசு முழுக்க. வெண்ணெயும் முட்டையும் இல்லாமல் எந்த அம்மா எதைக் கற்றுக்கொடுப்பாள்? இது போதாதென்று 1961-ல் சோர்லிவுட் முறை வந்து, ரொட்டி மாவு புளிக்கும் நேரத்தையும் சுருக்கிவிட்டது.

1957 ஏப்ரல் முதல் தேதி பிபிசி, சுவிட்சர்லாந்தில் மரத்திலிருந்து ஸ்பகெட்டி அறுவடை செய்வதாக ஒரு படம் காட்டியது. பார்த்தவர்களில் சிலர் செடி எங்கே கிடைக்கும் என்று போன் பண்ணிக் கேட்டார்கள். அவ்வளவு தூரம் அந்நியமாக இருந்த பண்டத்தை, ஒரு தலைமுறைக்குள் 'ஸ்பாக் பொல்' (ஸ்பகெட்டி பொலோனீஸ்) என்று செல்லப்பெயர் வைத்து வீட்டுக்கு வீடு சமைக்கிறார்கள். பொலோன்யாவில் அப்படி ஒன்று கிடையாது என்பது வேறு கதை.

ஆனால் இத்தாலிக்காரர்களின் 'பாட்டி காலத்துப் பாரம்பரியம்' என்ற பேச்சையும் கொஞ்சம் சலித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வடக்கே இருந்த ஏழை விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக மக்காச்சோளக் களிதான் தின்றார்கள். பொலெந்தா என்று இன்று நட்சத்திர உணவகத்தில் பரிமாறும் அதே களி. அதை மட்டுமே தின்றதால் பெலக்ரா நோய் வந்து, தோல் உரிந்து, புத்தி பேதலித்துச் செத்தார்கள். இன்று கார்பனாரா பாஸ்தாவில் க்ரீம் ஊற்றினால் அடிக்க வருகிறார்களே, 1954-ல் ஒரு இத்தாலியச் சமையல் பத்திரிகையில் வெளியான கார்பனாராவில் சுவிஸ் க்ரூயேர் சீஸும் பூண்டும் இருக்கின்றன. பழம்பெரும் கிராமத்து ரொட்டி மாதிரி இருக்கும் சபாத்தா 1982-ல் பிறந்தது. பொலோன்யா ராகுவின் 'அதிகாரப்பூர்வ' செய்முறையை வர்த்தக சபையில் பதிவு செய்ததும் அதே 1982-ல்தான். அவர்களின் கெட்டிக்காரத்தனம் பழமையில் இல்லை, காபந்தில் இருக்கிறது. கடையில் விற்கும் உலர் பாஸ்தாவை டியூரம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-லேயே சட்டம் போட்டார்கள். 2025 டிசம்பரில் டெல்லியில் கூடிய யுனெஸ்கோ குழு, நம் தீபாவளியைக் கலாச்சாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த அன்றே இத்தாலியச் சமையலையும் சேர்த்தது. 1951-ல்கூட இத்தாலியில் வேலை செய்தவர்களில் பத்துக்கு நாலு பேர் விவசாயத்தில் இருந்தார்கள். மண்ணை விட்டு வந்து அதிக நாளாகவில்லை. கைப்பக்குவம் மறப்பதற்குள் எழுதி வைத்துக்கொண்டார்கள். அந்தச் சாமர்த்தியத்துக்கு ஒரு சலாம்.

இனி பிரிட்டிஷ் கட்சி. இத்தாலிக்காரர் அடுப்பின் மேல் ராஜா. ஓவன் கதவைத் திறந்துவிட்டால் பிரிட்டிஷ்காரரிடம் நிற்க முடியாது. குளிர் நாடு, நிலக்கரி தாராளம், நாள் முழுக்கக் கணப்பு எரியும் வீடு. ரோஸ்ட், பை, புட்டிங் என்று எல்லாமே அந்தச் சூட்டில் வளர்ந்தவை.

ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு ஒன்றே போதும் சாட்சிக்கு. உப்புத் தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்து, வடித்து, சட்டியை மூடிக் குலுக்கினால் கிழங்கின் ஓரமெல்லாம் மாவு மாதிரி உதிரும். அதை ஓவனில் புகையப் புகையக் காய்ந்த மாட்டுக்கொழுப்பிலோ வாத்துக்கொழுப்பிலோ போட்டுப் புரட்டி ஒரு மணிநேரம் விட்டால், வெளியே கண்ணாடி மாதிரி மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. ரோஸ்மேரி போட்டு இத்தாலிக்காரர் கொடுக்கும் கிழங்கு வாசமாக இருக்கும், அவ்வளவுதான். யார்க்‌ஷயர் புட்டிங்கும் அப்படியே: முட்டை, மாவு, பால் கரைத்த கரைசலைக் கொதிக்கும் கொழுப்பில் ஊற்றியதும் சடசடவென்று உப்பும். நடுவில் ஓவனைத் திறந்தீர்களோ, அமுங்கிப் போய்விடும். அந்தக் காலத்தில் இதை கிரேவியோடு முதலில் பரிமாறி வயிற்றை நிரப்பிவிடுவார்களாம், கறி குறைவாகச் செலவாக வேண்டுமே!

கார்ன்வால் பாஸ்டியை ஆறிப்போன பஃப்ஸின் தங்கை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உள்ளே வைக்கும் மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு, ஸ்வீட் (swede, இனிப்பு இல்லை) என்கிற மஞ்சள் கிழங்கு, வெங்காயம் எல்லாமே பச்சையாகத்தான் உள்ளே போகின்றன. உப்பும் மிளகும் தவிர வேறு எதுவும் கிடையாது. மாவை மடித்துப் பக்கவாட்டில் முறுக்கி மூடி ஓவனில் வைத்தால், தன் ஆவியிலேயே உள்ளே குழம்பாகிவிடும். 2011-ல் அதற்கும் ஐரோப்பியப் புவிசார் குறியீடு கிடைத்தது. மூன்று பொருளில் ரோம் செய்கிற மாயம் என்கிறோமே, அதே சிக்கனம்தான் இது. பார்க்க ஒரு மாதிரி இருப்பதால் யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

சீஸில் எனக்குக் குழப்பமே. இரண்டு வருஷம் பழுத்த பார்மிஜானோவுக்கு (அசல் பார்மெசான்) முன்னால் எதுவும் நிற்காது என்று சொல்லத் தொடங்கும்போதே, எங்கள் பக்கத்து ஸ்டில்டன் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. டெர்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர் மூன்றில் மட்டுமே அதைச் செய்யலாம். வேடிக்கை என்னவென்றால், பெயர் கொடுத்த ஸ்டில்டன் கிராமம் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது, அங்கே செய்தால் சட்டப்படி அது ஸ்டில்டன் இல்லை. காபந்து பண்ணக் கற்றுக்கொண்டார்கள், ஆனால் இப்படி.

இனிப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. இத்தாலியின் திராமிசு நல்ல பண்டம், ஆனால் குளிர்பெட்டியிலிருந்து வருவது. மழை பெய்யும் ஜனவரி சாயங்காலம், நாலு மணிக்கே இருட்டிவிட்ட ஊரில், பேரீச்சம்பழம் போட்டு வெந்த ஸ்டிக்கி டாஃபி புட்டிங்கைச் சுடச்சுட வெட்டி, மேலே கஸ்டர்ட் ஊற்றிக் கொடுக்கிறவர்களிடம் போய் எந்த இத்தாலிப் பேச்சும் எடுபடாது. இரண்டு இனிப்புமே 1970-களில் பிரபலமானவைதான், பாட்டி காலத்துப் பெருமை யாருக்கும் வேண்டாம். கஸ்டர்டை முட்டையடித்துக் காய்ச்சினால் உத்தமம். பர்ட்ஸ் பவுடரில் கரைத்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், இரண்டாவது கரண்டி கேட்பேன்.