பிள்ளைகளுக்கு முதலில் தண்டல் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள்

பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழில்முனைவும் தலைமைப் பண்பும் சொல்லித் தரணும்னு இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அதைச் சொல்லித் தருகிற லட்சணத்தைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

எங்கள் வடசென்னைப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் கோடை விடுமுறையில் இளம் தொழிலதிபர் பயிலரங்கம் நடத்தினார்கள். அக்கா மகள் ஒன்பதாவது முடித்திருந்தாள், அவளைக் கூட்டிக்கொண்டு போனவன் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். கோட்டு போட்டுக்கொண்டு வந்தவர் வெளிநாட்டுக் கோடீஸ்வரர்கள் படமாகத் திரையில் காட்டினார், கல்லூரியைப் பாதியில் விட்டவர்கள்தான் உலகத்தையே மாற்றினார்கள் என்றார். (வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பிள்ளைகளை எதிரே வைத்துக்கொண்டு, படிப்பைப் பாதியில் விட்டவன் கதையைச் சொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ.) அப்புறம் குழுவாகப் பிரித்து ஆளுக்கொரு ஆப் யோசிக்கச் சொன்னார்கள். ஒரு பையன் முதல் வருடமே ஒரு கோடி லாபம் என்றான். செலவு எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. கைதட்டிச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அந்த அறையில் இருந்த பிள்ளைகளில் நிறையப் பேர் வீட்டில் ஏற்கனவே வியாபாரம் நடக்கிறது. அம்மா காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர், அப்பா எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே பண்டிகை நேரத்தில் பிளாட்பாரத்தில் சொந்தமாகச் சரக்குப் போடுபவர், சித்தி வீட்டு வாசலில் காலையில் இட்லிக் கடை வைத்திருப்பவர். துணிச்சலோடு முதல் போடு, தோற்றால் எழுந்து நில் என்றெல்லாம் வடசென்னைக்கு வந்து வகுப்பெடுக்கத் தேவையே இல்லை. இங்கே இல்லாதது கணக்கு.

தண்டல் கணக்கையே, அதாவது தினமும் வந்து வசூலிக்கிற வட்டிக் கடன் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 ரூபாய் தண்டல் எடுத்தால் முதலிலேயே ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவார்கள். ஆளைப் பொறுத்துப் பிடித்தம் இதைவிடக் கூடவும் இருக்கும். தினம் 100 ரூபாய், 100 நாள் கட்டணும். பார்க்கிறவர்களுக்கு ஆயிரம்தானே, பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த 9,000 நூறு நாளும் நம் கையில் இருப்பதில்லை, மறுநாளே திருப்பிக் கட்ட ஆரம்பித்துவிடுகிறோம், சராசரியாகப் பார்த்தால் 4,500 ரூபாய் சொச்சம்தான் நம்மிடம் இருக்கிறது, அதற்கு நூறு நாளில் ஆயிரம் ரூபாய் வட்டி. வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள், 75 சதவீதத்தைத் தாண்டிவிடும். தனிவட்டி, கூட்டுவட்டி எல்லாம் எட்டாவதிலேயே வந்துவிடுகிறது. ஆனால் அந்தக் கணக்கில் வருகிற ஆள் எப்போதும் வங்கியில் பணம் போட்டுவிட்டு மூன்று வருடம் சும்மா உட்கார்ந்திருப்பார். எங்கள் தெருவில் அப்படி யாரும் இல்லை. தெருவோர வியாபாரிகளுக்காக மத்திய அரசு 2020இல் ஸ்வநிதி கடன் திட்டத்தைக் கொண்டுவந்தபோது முதல் தவணைக் கடனே 10,000 ரூபாய்தான், ஒழுங்காகக் கட்டினால் வருடத்துக்கு 7 சதவீத வட்டி மானியமாகத் திரும்பி வந்தது. அந்தப் பத்தாயிரத்தையும் இந்தப் பத்தாயிரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்ட ஒரு பீரியட் போதும். பத்தாவது படிக்கிற பெண் அன்று சாயங்காலமே வீட்டில் போய்ச் சொல்லுவாள்.

அடுத்தது கூலி. இட்லிக் கடை அக்காவிடம் லாபம் எவ்வளவு என்று கேட்டால், அரிசி, உளுந்து, கேஸ், எண்ணெய் போக மிச்சம் 400 ரூபாய் என்பார். மூன்றரை மணிக்கு எழுந்து மதியம் வரை அவர் நின்ற நேரத்துக்கு யார் கூலி போட்டது? அதைக் கழித்தால் லாபமே இருக்காது, சில நாள் நஷ்டம்கூட. கடையை மூடு என்று சொல்ல வரவில்லை. விலை வைக்கத் தெரியணும் என்கிறேன். அதோடு கடைக் காசும் வீட்டுக் காசும் ஒரே டப்பாவில் கிடக்கும்வரைக்கும் எது ஓடுகிறது, எது முழுகுகிறது என்று யாருக்கும் தெரியாது.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் சின்னதாகத் தையல் ஜாப் ஒர்க் நடத்துகிறேன். வெட்டிய துணி வரும், தைத்துக் கொடுத்தால் பீஸுக்கு இவ்வளவு. வேலை கிடைப்பது பெரிய கஷ்டமில்லை, பணம் வருவதுதான் கஷ்டம். அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார்கள், தையல்காரர்களுக்கோ சனிக்கிழமை கூலி கொடுத்தாகணும். சிறு நிறுவனத்துக்குச் சேர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளில் கொடுத்துவிடணும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, முறையாகப் பதிவு செய்திருந்தால் தாமதத்துக்கு வட்டியும் கேட்கலாம். இது தெரியாமல் தொழில் செய்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே எத்தனையோ பேர். பதினொன்றாம் வகுப்பில் இதைச் சொன்னால் குடியா முழுகிவிடும்?

பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியலில் ஹென்றி ஃபயோலின் 14 மேலாண்மைக் கோட்பாடுகளை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அந்த மனிதர் பிரான்சில் நிலக்கரிச் சுரங்கத்தில் பொறியாளராகச் சேர்ந்து, அந்தக் கம்பெனியையே பல வருடம் நடத்தி, அங்கே கண்டதை வைத்து 1916இல் எழுதினார். அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி வந்து இறங்குகிற எண்ணூரில் படிக்கிற பிள்ளைகளுக்குக்கூட இந்தக் கதையை யாரும் சொல்வதில்லை. பதினான்கையும் வரிசை மாறாமல் எழுதினால் மார்க்கு.

இதைவிடக் காசிமேட்டில் ஒரு கேள்வி கேட்கலாம். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வருடா வருடம் தேதி மாறாமல் வருகிற தடை. அந்த 61 நாளைக்கு ஒரு மீன் வியாபாரக் குடும்பம், ஒரு ஐஸ் கடை, ஒரு மீன்பாடி வண்டிக்காரர் என்ன செய்யணும், எந்த மாதத்திலிருந்து எவ்வளவு எடுத்து வைக்கணும்? இதற்குப் பதில் எழுதுகிற பிள்ளைக்கு ரிஸ்க், நடைமுறை மூலதனம் (அன்றாடம் தொழிலை ஓட்டக் கையில் வேண்டிய பணம்) இதையெல்லாம் தனியாக நடத்த வேண்டியதில்லை.

வெளியே நடந்த நல்லதையும் சொல்லணும். டெல்லி அரசு 2019இல் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை தொழில்முனைவு மனப்பான்மை என்று ஒரு பாடத்தைக் கொண்டுவந்தது, 2021இல் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குத் தலைக்கு 2,000 ரூபாய் முதலீடாகக் கொடுத்துக் குழுவாகத் தொழில் செய்ய வைத்தார்கள். அதை டிவி நிகழ்ச்சியாக ஆக்கியதில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் நிஜப் பணம் கையில் வந்தால்தான் பிள்ளை நிஜமாகக் கணக்கு எழுதும். அமெரிக்காவில் 1919இலேயே தொடங்கிய ஜூனியர் அச்சீவ்மென்ட் அமைப்பில் பிள்ளைகள் பங்கு விற்று, சின்னக் கம்பெனி நடத்தி, கடைசியில் கம்பெனியைக் கலைத்துப் பங்குக்காரர்களுக்குக் கணக்குத் தீர்ப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கடைசிப் பகுதிதான். இங்கே கடையை ஆரம்பிக்க ஆயிரம் பேர் யோசனை சொல்வார்கள், கடன் இல்லாமல் எப்படி மூடுவது என்று ஒருத்தரும் சொல்வதில்லை.

தலைமைப் பண்பு என்றதும் மேடை, மைக், ஆங்கிலம் என்றே நினைக்கிறோம். 1918இல் பெரம்பூரில் மில் பக்கத்தில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் பின்னி மில் தொழிலாளர்களின் கஷ்டத்தைக் காதால் கேட்டவர்கள். அன்னி பெசன்ட்டோடு வேலை பார்த்த பி.பி. வாடியாவை அழைத்து வந்தார்கள், சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, திரு.வி.க. துணைநின்றார். கடைக்காரர்கள் தொடங்கிய வேலை அது. முதலாளி ஆவதற்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் போதும் என்பவர்கள் இந்தக் கதையையும் வகுப்பில் நடத்தட்டும், ஏனென்றால் அந்த அறையில் இருக்கிற பலர் நாளைக்குச் சம்பளத்துக்குத்தான் போகப் போகிறார்கள், அவர்களுக்கும் தலைமை வேண்டும்.

வியாபாரம் சொல்லிக் கொடுத்தால் படிப்பை விட்டுடுவான் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினைந்து வயதில் கையில் காசு பார்த்துவிட்டுத் திரும்பாத பையன்களை எனக்கும் தெரியும். அதனால் பயிற்சி பள்ளி நேரத்துக்குள், பள்ளிக்குள் நடக்கணும், வருகிற லாபம் வகுப்புக் கணக்கில் இருக்கணும், பையனைக் கடையில் நிறுத்துவதற்கு யாருக்கும் இது சாக்காகிவிடக் கூடாது. 18 வயது ஆகாதவர்கள் போடும் ஒப்பந்தம் செல்லாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். ஆனால் 10 வயது தாண்டினால் தபால் நிலையத்தில் தன் பெயரில் கணக்குத் தொடங்கித் தானே நடத்தலாம், அதை முதல் வாரமே செய்ய வைக்கலாம்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் அரசுப் பள்ளியிலோ மாநகராட்சிப் பள்ளியிலோ வணிகவியல் எடுக்கிற ஆசிரியர்கள் இதைப் படித்தால் இன்பாக்ஸில் வாங்க. ஜாப் ஒர்க் பில், கூலி நோட்டு, கரண்ட் பில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன், பிள்ளைகள் கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குக் கூலி நாள்.