உயரமான வேலி வேண்டாம்

கடலோர ஊர்களின் கால்பந்துப் போட்டிகளில் ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் இறங்காதிருக்க ஆளுயரத்துக்கு மேல் கம்பி வேலி போட வேண்டும் என்கிறது அண்மையில் வந்த ஒரு கட்டுரை. தயவுசெய்து அந்த யோசனையைக் கைவிடுங்கள். 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்கில் 97 உயிர்களைப் பறித்த நெரிசலில், தப்ப வழியில்லாமல் மறித்து நின்றது அப்படிப்பட்ட வேலிதான். ஏற்கெனவே நிரம்பிய அடைப்புக்குள் மேலும் ஆட்களை விட்டார்கள். முன்னால் நின்றவர்கள் கம்பியோடு நசுங்கினார்கள். 2022இல் இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் கால்பந்து அரங்கில் கண்ணீர்ப்புகைக்கு அஞ்சி ஓடியவர்கள் வாசல்களில் சிக்கினார்கள். 135 பேர் இறந்தார்கள்.

எங்கள் தொண்டிப் பக்கம் சவுக்குக் கம்பு நட்டு நைலான் கயிறு கட்டுவார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் இறுதி ஆட்டத்தில், கோல் விழுந்ததும் பின்னால் நின்றவர்கள் முண்டியடிக்க, மணலில் மேலோட்டமாக ஊன்றிய கம்புகள் வரிசையாகச் சாய்ந்தன. முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் மேல் பெரியவர்கள் விழுந்தார்கள். என் தங்கை மகனுக்கு மணிக்கட்டு முறிந்தது. கயிற்றுக்குப் பதில் பழைய மீன்வலையைக் கட்டுவோரும் உண்டு. வலையில் கால் மாட்டினால் என்ன ஆகும் என்று நம் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இடுப்பளவுத் தடுப்பே போதும். கம்பை ஆழமாகப் புதைத்து முட்டுக் கொடுங்கள். இடையிடையே பூட்டில்லாத திறப்புகளை விட்டு, ஒவ்வொன்றிலும் ஒருவரை நிறுத்துங்கள். பின்னால் இருந்து தள்ளுகிறவருக்கு முன்னால் ஒருவர் மூச்சுத் திணறுவது தெரியாது. அதை ஒலிபெருக்கியில் உடனே சொல்ல ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். இந்தக் கோடைப் போட்டிகளுக்கு முன்பே இதைச் செய்யுங்கள்.