வீகன் சாப்பாட்டைவிட வண்டிப் புகைதான் பெரிய கணக்கு
இங்கிலாந்தின் ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் என்ற கால்பந்து கிளப் 2015ல் மைதானத்துச் சாப்பாட்டை முழுக்க வீகன் (இறைச்சி, முட்டை, பால் எதுவும் இல்லாதது) ஆக்கியதுதான் சுற்றுச்சூழலுக்கு அது செய்த பெரிய காரியம் என்கிறது அந்த கிளப்பைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரும்பாலான கிளப்புகளின் கார்பன் கணக்கில் (அவற்றால் காற்றில் சேரும் கரியமில வாயுவின் அளவு) பெரும்பங்கு ரசிகர்கள் வந்துபோகும் வண்டிகளுடையது. ஜெர்மனியில் பல கிளப்புகளின் மேட்ச் டிக்கெட்டைக் காட்டினாலே அன்றைக்கு உள்ளூர் பஸ், ரயிலில் போகலாம். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்த விஷயத்தில் நம் ஆட்கள் தெரியாமலே முன்னால் நிற்கிறார்கள். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு டோர்னமென்ட் ஆட வரும் எங்கள் டீம், ரசிகர்கள், பந்துப் பை எல்லாம் ஒரே பிக்கப் வண்டியில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிவிடும் (பின்னால் நின்று வருகிறவன் வயிறு என்ன ஆகும் என்பது தனிக் கதை). நாம் கோட்டைவிடுவது தண்ணீரில். மே மாதம் புழுதி அடங்க டேங்கர் லாரித் தண்ணீரை மைதானத்தில் அடிப்பார்கள், இரண்டாவது மேட்ச் தொடங்குமுன் மறுபடி புழுதி பறக்கும். ஃபாரஸ்ட் கிரீன் கிளப்போ மைதானத்திலிருந்து வடியும் மழைநீரைச் சேர்த்துத் திரும்பப் பாய்ச்சுகிறது. காப்பி அடிப்பதென்றால் அதை அடிக்கலாம். தண்ணீர் பாக்கெட்டுக்கு 2019லேயே தடை வந்தும் கோல்போஸ்ட் பின்னால் இன்னும் கிடக்கிறது. அப்புறம், 'காய்கறி தின்றால் கோல் விழுமா' என்று அந்தக் கட்டுரைக்குக் கீழே கேட்ட நண்பருக்கு: 2022ல் லீக் டூ (இங்கிலாந்துக் கால்பந்தின் நான்காம் நிலை லீக்) சாம்பியன் ஆனதும் அதே கிளப்தான், அடுத்த இரண்டு சீசனிலும் வரிசையாகக் கீழ் லீக்குக்கு இறங்கியதும் அதே கிளப்தான். சாப்பாடு மாறவில்லை.