பேட் செக்டர் வந்த டிஸ்க்கில் எஃப்எஸ்செக் ஓட்டாதீர்கள்

லினக்ஸில் ஹார்ட் டிஸ்க்கில் பேட் செக்டர் (படிக்க முடியாமல் போன சிறு துண்டு) வந்து மக்கர் பண்ணுகிறது என்று யாராவது கேட்டால் போதும், "எஃப்எஸ்செக் ஓட்டுங்க, சரியாகிடும்" என்று நாலு பேர் சொல்லிவிடுகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த யோசனையால் எத்தனை வீட்டுக் கல்யாணப் படங்கள் போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

எஃப்எஸ்செக் (fsck) என்ற கட்டளை சரிபார்ப்பது ஃபைல் சிஸ்டத்தின், அதாவது டிஸ்க்கில் ஃபைல்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையின், கணக்குவழக்கை. எந்த ஐநோடுக்கு (ஒரு ஃபைலின் விவரக் குறிப்பு) எந்த பிளாக் (டிஸ்க்கின் ஒரு துண்டு) சொந்தம் என்பதுதான் அதற்குத் தெரியும். ஒரு டைரக்டரி இருந்த இடத்தைப் படிக்க முடியவில்லையென்றால், அந்த டைரக்டரியே பழுது என்று முடிவுகட்டி வெட்டிவிடும். உள்ளே இருந்த ஃபைல்கள் பெயரைத் தொலைத்துவிட்டு லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் என்ற தனி டைரக்டரியில் வந்து விழும். இவ்வளவையும், சாகக் கிடக்கும் அதே டிஸ்க்கின் மேல் எழுதித்தான் செய்யும்.

இந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்து எம்எஃப்எம் டிஸ்க்குகளில் எந்தெந்த இடம் பழுது என்று லேபிளிலேயே அச்சடித்து வரும். அவற்றை ஒதுக்கிவைப்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வேலை. பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகையில் அதற்கு பேட்144 என்ற கருவி இருந்தது. லினக்ஸின் இஎக்ஸ்டி2 ஃபைல் சிஸ்டம் தன் முதல் ஐநோடையே பழுதான பிளாக்குகளின் பட்டியலுக்கு ஒதுக்கியது. பிறகு வந்த டிஸ்க்குகள் உதிரி செக்டர்களை உள்ளேயே வைத்துக்கொண்டு, பழுதை நமக்குச் சொல்லாமலே மாற்றிக்கொள்கின்றன. அதனால் இன்று கெர்னல் லாகில் (லினக்ஸின் உள்குறிப்பேடு) ஐ/ஓ எரர் (படிக்கவோ எழுதவோ முடியாத பிழை) வருகிறது என்றால், டிஸ்க் தனக்குள் பலமுறை படித்துப் பார்த்துத் தோற்றுவிட்டது என்று பொருள்.

கூகுள் 2007-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டது. முதல் ஸ்கேன் எரர் (டிஸ்க் தன் பரப்பைத் தானே சோதிக்கையில் காணும் பிழை) வந்த டிஸ்க், அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு அதிகமாம். இதைப் படித்த பிறகும் "ஒரு செக்டர்தானே" என்று எப்படிச் சொல்வது?

ஆகவே முதலில் டிஸ்க்கை அன்மவுண்ட் செய்யுங்கள் (சிஸ்டத்தின் பயன்பாட்டிலிருந்து விடுவியுங்கள்). இன்னொரு நல்ல டிஸ்க்கை மாட்டி, குனு டிடிரெஸ்க்யூவால் முழுதையும் பிரதி எடுங்கள். (டெபியன், உபுண்டுவில் பேக்கேஜின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ.) பிரதி எடுக்கும் வழக்கமான கட்டளையான வெறும் டிடி (dd) முதல் பிழையிலேயே நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ சுலபமாகப் படிக்க முடிகிற இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் கடைசிக்குத் தள்ளும். எதைப் படித்தாயிற்று என்று குறித்துவைக்கும் மேப்ஃபைலைக் கொடுக்க மறக்காதீர்கள். அது இருந்தால் பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எஃப்எஸ்செக்கை அப்புறம் அந்தப் பிரதியின் மேல் ஓட்டுங்கள். அதுகூட நேரடியாக வேண்டாம், பிரதிக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி.

பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடுவதா? டேட்டா பத்திரமான பிறகு, அதன் மேல் முழுக்கப் பூஜ்யம் எழுதிவிட்டு, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல்லில் பாருங்கள். முன்பு எப்போதோ எழுதும் நடுவில் கரண்ட் போனதாலும், டிஸ்க் பழுதாகாமலே ஒரு செக்டர் படிக்க முடியாமல் போயிருக்கலாம். அப்படியானால் பெண்டிங் எண்ணிக்கை (சந்தேகத்தில் காத்திருக்கும் செக்டர்கள்) பூஜ்யமாகும், ரீஅலகேட்டட் எண்ணிக்கை (உதிரியால் மாற்றப்பட்ட செக்டர்கள்) ஏறாது. ஏறினால் அந்த டிஸ்க்கை நம்பி எதையும் வைக்காதீர்கள்.

பிரதி எடுக்க இன்னொரு டிஸ்க் வாங்க இப்போது காசில்லை என்றால், இதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். சம்பளம் வரும்வரை அது அங்கேயே இருக்கட்டும். "ஒரே ஒரு தடவை" என்று மாட்டிப் பார்க்காதீர்கள்.